காரும் காவிரியும்: ‘முங்காரு மளெ 2’ – ஒரு மறுமதிப்பீடு

முன்னுரை

மக்களிடையே பெருவெற்றி பெற்ற ஒரு படைப்பின் பெயரைத் தாங்கிப் பின்னர் வெளிவரும் படைப்பு, பெரும்பாலும் முன்னதன் நிழலில் வைத்தே மதிப்பிடப்படுகிறது. அது தன்னளவில் என்ன செய்தது என்னும் வினாவைவிட, முன்னது தந்ததை மீண்டும் தந்ததா என்னும் வினாவே முன்னிற்கிறது. கன்னடத் திரைப்பட வரலாற்றில் இதற்குத் தக்க சான்றாக அமைவது 2016 செப்டம்பர் 10ஆம் நாள் வெளிவந்த ‘முங்காரு மளெ 2’. 2006 டிசம்பர் 29ஆம் நாள் வெளிவந்த ‘முங்காரு மளெ’ கன்னடத் திரையுலகின் போக்கையே மாற்றிய படம். பத்தாண்டு கழித்து வந்த இரண்டாம் படம், மூலப்படத்தோடு ஒப்பிடப்பட்டு, ஏமாற்றமளித்த படம் என்னும் பெயரையே பெற்றது.

அத்தீர்ப்பை அப்படியே மாற்றியெழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்படத்தில் குறைகள் உள்ளன. ஆயினும் அந்த ஏமாற்றத்தின் காரணத்தைப் படத்தின் திரைக்கதைக்குள் மட்டும் தேடுவது போதாது. ‘முங்காரு’ என்னும் சொல் 2006இல் பெங்களூர்ப் பார்வையாளருக்குத் தந்த பொருள் வேறு. 2016இல் தந்த பொருள் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாற்றத்தைக் கண்டால்தான் அப்படத்தின் இடம் விளங்கும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். சொல்லாராய்ச்சி, திணைக்கோட்பாடு, அண்மைக்கால வரலாறு ஆகிய மூன்றும் இவ்வாய்வுக்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

கன்னடப் படம் ஒன்றைத் தமிழாய்வுக் களத்தில் ஆராய்வதற்குக் காரணம் உண்டு. படத்தின் பெயர் தமிழுக்கும் உரிய வேர்களால் ஆனது. படம் காட்டும் மழை காவிரியின் தலைநிலத்தில் பெய்வது. படம் வெளிவந்த வாரமோ பெங்களூர்த் தமிழர் வரலாற்றில் மறக்கவியலாத வாரம்.

தொடர்ச்சிப் படைப்பும் தமிழ் மரபும்

தொடர்ச்சிப் படைப்பு என்பது திரைப்படத்தோடு தோன்றியதன்று. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்று நாம் வழங்குகிறோம். கோவலனும் மாதவியும் பெற்ற மகளின் வாழ்க்கையைப் பின்னதன் பொருளாக்கியவர் இளங்கோவடிகள் அல்லர், சீத்தலைச் சாத்தனார். கதைமாந்தரும் நகரமும் தொடர்ந்தாலும் காப்பிய நோக்கம் மாறிவிடுகிறது. முன்னதில் கற்பும் அரசியல் அறமும் ஊழும் பேசப்படுகின்றன. பின்னதில் பசிப்பிணி நீக்கமும் துறவும் புத்த சமயத் தருக்கமும் இடம்பெறுகின்றன. சிலம்பின் நாடக அமைப்பை எதிர்பார்த்து மணிமேகலையைப் படித்தோர் அதைக் கவிச்சுவையில் குறைந்ததாகக் கருதியதுண்டு. சமயக் கருத்து வரலாறு, அளவையியல் ஆகிய நோக்கில் அணுகியோர் அதன் தனிப்பெருமையை நிலைநாட்டினர். தொடர்ச்சிப் படைப்பை முன்னதன் அளவுகோலால் மட்டும் அளக்கலாகாது என்னும் பாடத்தை நம் இலக்கிய வரலாறே தந்துள்ளது.

தமிழ்த் திரைப்படத்தில் தொடர்ச்சிப் படத்தின் தொடக்கமாகச் சுட்டப்படுவது ‘ஜப்பானில் கல்யாணராமன்’. ஜி.என். ரங்கராஜன் இயக்கிய ‘கல்யாணராமன்’ 1979இல் வெளிவந்தது. ஆறாண்டு கழித்து, 1985இல், எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் அதன் தொடர்ச்சி வந்தது. இரண்டிற்கும் எழுத்து பஞ்சு அருணாசலம், இசை இளையராஜா, நாயகர் கமல்ஹாசன். ஜப்பானின் சுகுபா நகரில் 1985இல் நடைபெற்ற உலகக் கண்காட்சி அப்படத்தின் களங்களுள் ஒன்று. முதற்படம் பெற்ற வரவேற்பு இரண்டாவதற்குக் கிட்டவில்லை. மலைத்தோட்டச் சூழலில் வேரூன்றியிருந்த கதையும் வெகுளி மாந்தரும் கண்காட்சி அரங்குகளுக்கு நடுவே இடம்பெயர்ந்தபோது, பெயர் தொடர்ந்தது, நிலம் தொடரவில்லை. நிலம் மாறும்போது மாந்தர் இயல்பு என்னாகும் என்பது தொடர்ச்சிப் படங்களின் அடிப்படைச் சிக்கல். ‘முங்காரு மளெ 2’இலும் இதனைக் காணலாம்.

தொடர்ச்சிப் படங்களை மூவகையாகப் பகுக்கலாம். ஒன்று, கதைத் தொடர்ச்சி. முன்கதை நின்ற இடத்திலிருந்து பின்கதை தொடங்கும். 2022 ஏப்ரல் 14இல் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்.’ இரண்டாம் பாகம் இவ்வகையினது. இரண்டு, மாந்தர் தொடர்ச்சி. கதை புதிதாயினும் மாந்தர் அவரே. ராஜ்குமார் நடித்த ‘ஜேடர பலெ’ (1968) தொடங்கி ‘ஆபரேஷன் டைமண்ட் ராக்கெட்’ (1978) வரையான துப்பறியும் படங்கள் கன்னடத்தில் இதற்கு முன்மாதிரி. மூன்று, பெயர்த் தொடர்ச்சி. கதையும் மாந்தர் வரலாறும் தொடர்வதில்லை. பெயரும் அப்பெயர் எழுப்பும் உணர்வும் மட்டுமே தொடரும். ‘முங்காரு மளெ 2’ இம்மூன்றாம் வகையைச் சாரும். ஆதலின், அப்படம் மூலத்திடமிருந்து பெற்றுக்கொண்ட ஒரே பெருஞ்செல்வம் அதன் பெயரே. அப்பெயரின் பொருளை முதலில் காண்போம்.

முங்காரு: சொல்லும் பருவமும்

‘முங்காரு’ என்பது முன், கார் என்னும் இரு சொற்களின் கூட்டு. மெல்லெழுத்தை அடுத்த ககரம் ஒலிப்புடையதாகி, இறுதியில் உகரம் சேர்ந்து கன்னட வடிவம் பெற்றுள்ளது. இதன் எதிரிணை ‘ஹிங்காரு’. தமிழின் மொழிமுதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிவது யாவரும் அறிந்தது. பால் ‘ஹாலு’ ஆனதும் பல் ‘ஹல்லு’ ஆனதும் இவ்வாறே. எனவே ஹிங்காரு பின்கார் ஆகும். ‘மளெ’ என்பது பழங்கன்னடத்தில் ழகரம் பெற்று ‘மழெ’ என வழங்கியது. ழகரம் வழக்கொழிந்து ளகரமானபின் இன்றைய வடிவம் அமைந்தது. ஆகவே படத்தின் பெயரைத் தமிழில் ‘முன்கார் மழை’ என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பாகாது. ஒரே சொல்லின் இரு ஒலிவடிவங்களுள் ஒன்றாகவே அமையும்.

பருவ வழக்கில் முங்காரு என்பது சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை. ஹிங்காரு அதன்பின் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. கருநாடக வேளாண்மையில் இவையே இரு விளைச்சற் பருவங்களின் பெயர்களுமாகும். தமிழ் இலக்கண மரபோ ஆவணி, புரட்டாசி ஆகிய திங்கள்களைக் காராகவும், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிராகவும் கொள்கிறது. முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுது கார் எனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. வினைமேற் சென்ற தலைவன் கார் தொடங்குமுன் மீள்வதாகக் கூறிச் செல்வதும், தலைவி ஆற்றியிருப்பதும் முல்லைப் பாடல்களின் அடித்தளம். தமிழ் அக மரபில் கார் என்பது மீண்டு வருவதன் உறுதிமொழி.

நீரியல் நோக்கிலும் இச்சொல் இரு மாநிலங்களையும் இணைக்கிறது. தமிழகத்தின் காவிரிப் படுகைக்குத் தென்மேற்குப் பருவத்தில் நேர்மழை குறைவு. குடகு மலையில் முங்காரு பெய்து, கிருஷ்ணராஜ சாகரம் நிரம்பி, மேட்டூருக்கு நீர் வந்தால்தான் சூன் 12ஆம் நாள் அணை திறந்து குறுவை தொடங்கவியலும். கன்னட நாட்டின் முன்கார், தஞ்சை உழவனின் குறுவை. இத்தொடர்பை நினைவிற்கொண்டே படங்களுக்குள் நுழைய வேண்டும்.

மூலப்படம்: 2006

‘முங்காரு மளெ’யை இயக்கியவர் யோகராஜ் பட், தயாரித்தவர் இ. கிருஷ்ணப்பா; ஒளிப்பதிவு எஸ். கிருஷ்ணா, இசை மனோ மூர்த்தி. நாயகன் கணேஷ் அதற்குமுன் சின்னத்திரை வாயிலாகவே பெரிதும் அறியப்பட்டவர். நாயகி பூஜா காந்தி அதே ஆண்டில் ‘கொக்கி’ என்னும் தமிழ்ப்படத்தில் நடித்திருந்தார். பெருநடிகர் என்று எவரையும் நம்பாத படம் அது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் நாள் ராஜ்குமார் மறைந்திருந்தார். அரை நூற்றாண்டுக் காலம் கன்னடத் திரையின் மையமாக விளங்கியவர் இல்லாத வெறுமையில், எட்டுத் திங்கள் கழித்து, புதுமுக நாயகனின் எளிய காதற்கதை ஒன்று வெளிவந்தது. பெங்களூரின் பி.வி.ஆர். பன்னரங்கு வளாகத்தில் அது ஓராண்டுக்கு மேல் ஓடியது. பிறமொழிப் படங்களுக்கே உரியனவாகக் கருதப்பட்ட வணிக வளாகத் திரைகளில் கன்னடப் படமும் நிலைக்கும் என்பதை அது மெய்ப்பித்தது. தெலுங்கில் ‘வான’ (2008) என அது மீண்டும் படமாக்கப்பட்டது.

கதை எளிது. பெங்களூர் வணிக வளாகம் ஒன்றில் நந்தினியைக் கண்ட பிரீதம், அவளைப் பார்த்தபடியே நடந்து திறந்திருந்த சாக்கடைக் குழியில் விழுகிறான். தாயோடு மடிக்கேரிக்குத் திருமணம் ஒன்றுக்குச் செல்லும்போது அவளை மீண்டும் காண்கிறான். அத்திருமணம் அவளுடையதே. மழை விடாது பெய்கிறது. தேவதாஸ் என்று பெயரிடப்பட்ட முயலொன்று அவனுடன் இருக்கிறது. நந்தினியின் மனமும் அவன்பால் திரும்புகிறது. ஆயினும் அவளை மணக்கவிருப்பவனின் பொருட்டும் பெற்றோரின் பொருட்டும் அவன் தன் காதலை மறைத்து விலகிவிடுகிறான்.

ஒருதலைக் காமமாகத் தொடங்கும் உறவு ஒத்த அன்பாக மலர்ந்து, அதன்பின் பிரிவில் முடிகிறது. முல்லையில் கார் மீட்சியைக் குறிக்கும்; இங்கோ கார் பெய்துகொண்டிருக்கும்போதே பிரிவு நிலைபெறுகிறது. இம்மாறுதலே படத்தின் ஆற்றல். மழை இங்கு அழகுக்காக இடப்பட்ட திரைச்சீலையாக நின்றுவிடவில்லை. பாதையை அடைத்து மாந்தரை ஓரிடத்தில் நிறுத்துகிறது, பேச்சுக்கு இடந்தருகிறது, இறுதியில் கண்ணீரை மறைக்கிறது. முதற்பொருளாகிய காரும் மலைநிலமும், கருப்பொருளாகிய தோட்டமும் முயலும், உரிப்பொருளாகிய பிரிவும் ஒன்றோடொன்று பொருந்தியுள்ளன.

மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. படத்தின் பயணம் பெங்களூரிலிருந்து குடகை நோக்கியது. பெங்களூர் 1974 முதல் காவிரி நீரைப் பருகும் நகரம். தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, மேட்டை நோக்கி நீர் ஏற்றப்பட்டு நகருக்கு வருகிறது. குழாய் முடியும் இடத்திலிருந்து ஊற்று தொடங்கும் இடத்தை நோக்கிச் சென்ற கதை அது. படம் அதைச் சொல்லவில்லை, பார்வையாளரும் நினைக்கவில்லை. 2006இல் குடகின் மழையைக் கணக்கின்றிப் பார்த்து மகிழ இயன்றது.

இடைப்பட்ட பத்தாண்டு

கணக்கு நெடுநாள் அகன்றிருக்கவில்லை. மூலப்படம் வெளிவந்து ஆறு வாரம் நிறைவதற்குள், 2007 பிப்ரவரி 5ஆம் நாள், காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பை வழங்கியது. தமிழ்நாட்டுக்கு 419, கருநாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. எனப் பங்கு வகுக்கப்பட்டது. பிப்ரவரி 12இல் கருநாடகத்தில் முழு அடைப்பு நடைபெற்றது. அவ்வேளையிலும் ‘முங்காரு மளெ’ தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. இச்செய்தியைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

2009 ஆகஸ்டு 9ஆம் நாள் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. 1991இல் நிறுவப்பட்டும் பதினெட்டாண்டு மூடிக்கிடந்த சிலை அது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. 1991 டிசம்பர் கலவரத்தையும், 2000ஆம் ஆண்டு ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாள் வனத்தில் இருந்தபோது நிலவிய அச்சத்தையும் அறிந்த பெங்களூர்த் தமிழருக்கு அச்சிலைத் திறப்பு ஒரு காலத்தின் முடிவாகத் தோன்றியது. பத்தாண்டின் நடுப்பகுதி நம்பிக்கைக் காலமே எனலாம்.

நகரின் திரைப்படச் சூழலும் மாறியது. கெம்பெகௌடா சாலையின் தனித்திரை அரங்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மூலப்படம் திறந்துவிட்ட பன்னரங்கு வளாகம் பழக்கப்பட்ட இடமாயிற்று. கணேஷ் பெருநடிகர் ஆனார். மழை, பயணம், நகைச்சுவை கலந்த தன்னுரை, சொல்லாக் காதல் ஆகியவற்றைக் கொண்ட கன்னடக் காதற்படங்கள் அடுத்தடுத்து வந்தன. மூலத்தின் புதுமை ஒரு வாய்பாடாக மாறிய பின்னரே அதன் பெயரைத் தாங்கிய இரண்டாம் படம் வந்தது.

தொடர்ச்சிப் படம்: 2016

‘முங்காரு மளெ 2’இன் இயக்குநர் ஷஷாங்க், ‘மொக்கின மனசு’ (2008) வாயிலாக அறியப்பட்டவர். மணிமேகலையைப் போலவும் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ போலவும் இதிலும் தொடர்ச்சியை ஆக்கியவர் வேறொருவர். இசை அர்ஜுன் ஜன்யா. கணேஷ் மீண்டும் பிரீதம். நாயகி நேஹா ஷெட்டி மீண்டும் நந்தினி. பெயர்கள் அவையே, மாந்தர் அவரல்லர். நாயகனின் தந்தையாக ரவிச்சந்திரன் நடித்தார். 1987இல் ‘பிரேமலோக’ வாயிலாக ஒரு தலைமுறையின் காதற்கற்பனையை வடிவமைத்தவர் அவர். எண்பதுகளின் காதல் நாயகன் தந்தையாகவும், இரண்டாயிரத்தின் காதல் நாயகன் மகனாகவும் ஒரே சட்டகத்தில் நின்றது கன்னடக் காதற்படத்தின் மரபுவழிப் பட்டியலை எழுதிக் காட்டியது போலிருந்தது.

முதற்படப் பிரீதம் ஒரு காதலில் நிலைத்து, அதை மறைத்து விலகியவன். இரண்டாம் படப் பிரீதம் எதிலும் எளிதில் சலிப்புறுபவன்; செல்வக் குடும்பத்தில் பிறந்து, மாற்றத்தையே நாடித் திரிபவன். காதலும் அவனுக்கு அவ்வாறே நிலைகொள்ளாத ஒன்று. இழந்தபின்னரே அதன் பெறுமதியை உணர்கிறான். முன்னவனின் துன்பம் ஈகத்தால் வந்தது. பின்னவனின் துன்பம் நிலையாமையால் வந்தது.

இம்மாற்றத்தை மதிப்புரைகள் பெரும்பாலும் குறையாகவே கண்டன. பழைய பிரீதமின் மனவுறுதி இல்லை என்பதும், மூலப்படத்தின் உணர்வாழம் இல்லை என்பதும் அவற்றின் சாரம். ஆயின் 2016இன் பெங்களூர் இளைஞனைக் காட்டும்போது சலிப்பை மையமாக்கியது பிழையான நோக்கன்று. தகவல் தொழில்நுட்பப் பணியும் கைப்பேசியும் விரைந்து மாறும் வாழிடமும் கூடி, காத்திருத்தல் என்னும் பண்பை அரிதாக்கிய பத்தாண்டு அது. காத்திருத்தலை உரிப்பொருளாகக் கொண்ட முல்லைச் சாயல் கதையை அதே வடிவில் மீண்டும் சொல்வது பொய்யாகியிருக்கும். இரண்டாம் படம் அப்பொய்யைத் தவிர்த்தது. இதனை அதன் முதற்பேறாகக் கொள்ளலாம்.

குறை வேறிடத்தில் உள்ளது. உரிப்பொருளை மாற்றிய படம் முதற்பொருளை மாற்றவில்லை. சலிப்பும் அலைவும் கொண்ட கதைக்குக் கார் உரிய பொழுதன்று; நிலைத்திருப்போருக்கே மழை பொருள் தருகிறது. ஆயினும் பெயரின் கட்டாயத்தால் மழை வந்தே தீரவேண்டியிருந்தது. மூலத்தில் நிகழ்ச்சிகளை இயக்கிய மழை, தொடர்ச்சியில் நிகழ்ச்சிகளின்மேல் பெய்கிறது. திணைமயக்கம் என்பது இரு நிலத்தின் இயல்புகள் கலந்து புதுப்பொருள் தருவது. இங்கோ முதலும் உரியும் கலவாமல் அருகருகே நின்றன. பார்வையாளர் உணர்ந்த ஏமாற்றத்திற்கு அழகியற் காரணம் இதுவே எனலாம்.

வெளியீட்டு வாரம்

இனி வரலாற்றுக் காரணத்திற்கு வருவோம். 2016ஆம் ஆண்டு காவிரியின் நீர்ப்பிடிப்பில் முங்காரு குறைந்த ஆண்டு. மேட்டூர் அணை சூன் 12இல் திறக்கப்படவில்லை. செப்டம்பர் 20ஆம் நாளே சம்பாவுக்காகத் திறக்கப்பட்டது. செப்டம்பர் 5ஆம் நாள், நாளொன்றுக்கு விநாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாள் தமிழ்நாட்டுக்கு நீர் விடுமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை, கருநாடகத்தில் முழு அடைப்பு. மறுநாள் சனிக்கிழமை ‘முங்காரு மளெ 2’ வெளிவந்தது. செப்டம்பர் 12, திங்கட்கிழமை, ஆணை 12,000 கன அடியாகத் திருத்தப்பட்டு, செப்டம்பர் 20 வரை நீட்டிக்கப்பட்டது. அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் சரக்குந்துகளும் எரிக்கப்பட்டன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பும் நேர்ந்தது. தமிழ்நாட்டிலும் கன்னடர்கள்மீதும் அவர்களுடைய நிறுவனங்கள்மீதும் தாக்குதல்கள் நிகழ்ந்தன.

தமிழ் மரபுப்படி செப்டம்பர் 10 ஆவணியின் கடைக்கூறு. கார் உச்சத்தில் இருக்கவேண்டிய நாள். முன்கார் மழை என்னும் பெயர் கொண்ட படம் கார்காலத்தில் வெளிவந்தது. ஆனால் அவ்வாண்டின் முன்கார் பொய்த்திருந்தது. மூலப்படம் முன்பனிக் காலமாகிய மார்கழியில் வந்து, மழையை நினைவாக வழங்கியது. தொடர்ச்சிப் படமோ மழைக்குரிய பருவத்தில் வந்து, இல்லாத மழையைத் திரையில் காட்டியது. சுவரொட்டியில் ‘முங்காரு’ என்றிருந்த சொல்லும், நாளிதழ்த் தலைப்பில் அணை நீர்மட்டமாக இருந்த எண்ணும் ஒரே பொருளின் இரு முகங்கள். 2006இல் குடகின் மழை எவருடையதும் அன்று. 2016இல் அது கன அடியால் அளக்கப்பட்டு, யாருடையது என்று கேட்கப்பட்ட மழை.

கலவரமே காரணமா?

இவ்விடத்தில் ஒரு தடை எழும். கலவரத்தால் பார்வையாளர் வரவில்லை, ஆகவே படம் தோற்றது என்று முடித்துவிடலாமே எனின், அம்முடிவு பொருந்தாது. மூலப்படமும் இறுதித் தீர்ப்பின் கொந்தளிப்பையும் முழு அடைப்பையும் கடந்தே ஓடியது என்று முன்னர்க் கண்டோம்.

‘பாகுபலி’ இரண்டாம் பாகத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. காவிரி தொடர்பாக 2008இல் பேசிய பேச்சுக்காக அப்படத்தில் நடித்த சத்யராஜுக்கு எதிர்ப்பு எழுந்தது. படத்தைத் தடுக்க அடைப்பும் அறிவிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 21இல் அவர் வருத்தம் தெரிவித்தபின், ஏப்ரல் 28இல் படம் வெளிவந்து பெங்களூரிலும் பெருவெற்றி பெற்றது. கதைத் தொடர்ச்சி வகையைச் சார்ந்த அப்படத்திற்கு முன்கதை எழுப்பிய வினாவே போதிய ஈர்ப்பாயிற்று.

மறுதலைச் சான்றும் உண்டு. பி. வாசு இயக்கிய ‘ஆப்தமித்ர’ (2004) படத்தின் தொடர்ச்சியான ‘ஆப்தரக்ஷக’ 2010 பிப்ரவரி 19இல் வெளிவந்து வெற்றி பெற்றது. அதன் நாயகர் விஷ்ணுவர்தன் 2009 டிசம்பர் 30இல் மறைந்திருந்தார். அவருடைய இருநூறாவது படமெனக் கொண்டாடப்பட்ட அது, பார்வையாளர் அவருக்கு விடைதரும் இடமாயிற்று. அதே கதைமரபில் தெலுங்கில் வந்த ‘நாகவல்லி’ (2010), தமிழில் வந்த ‘சந்திரமுகி 2’ (2023) ஆகியவற்றிற்கு அத்தகைய வரவேற்பு கிட்டவில்லை.

இவற்றால் புலனாவது ஒன்று. புறநிகழ்ச்சி தானாக ஒரு படத்தை வீழ்த்துவதோ உயர்த்துவதோ இல்லை. படத்தின் உயிர்நிலை எதுவோ அதனைப் புறநிகழ்ச்சி தொடும்போதே விளைவு ஏற்படுகிறது. ‘ஆப்தரக்ஷக’வின் உயிர்நிலை அதன் நாயகர், அவருடைய மறைவு அதைத் தொட்டது. ‘பாகுபலி’யின் உயிர்நிலை அதன் கதைமுடிச்சு, காவிரிப் பூசல் அதைத் தொடவில்லை. பெயர்த் தொடர்ச்சியாகிய ‘முங்காரு மளெ 2’இன் உயிர்நிலை அதன் பெயர். அப்பெயரின் பொருளையே 2016இன் பருவம் மாற்றிவிட்டது. மூலப்படத்திற்கு நிலமும் பொழுதும் உணர்வும் ஒன்றிய அமைப்பு இருந்தமையால் 2007இன் கொந்தளிப்பை அது தாங்கிற்று. தொடர்ச்சிப் படத்தில் மழை கதையோடு ஒட்டாது நின்றமையால், வெளியே மழையின் பொருள் மாறியவுடன் உள்ளே அதைத் தாங்குவதற்கு எதுவுமில்லாமற் போயிற்று. அழகியற் காரணமும் வரலாற்றுக் காரணமும் கூடும் இடம் இது.

இன்றைய நோக்கில்

படம் வெளிவந்தபின் நிகழ்ந்தவையும் அதை வேறாகப் பார்க்கச் செய்கின்றன. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் கருநாடகத்தின் பங்கு 284.75 டி.எம்.சி.யாகவும் தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி.யாகவும் திருத்தப்பட்டன. கருநாடகத்திற்குக் கூடுதலாகத் தரப்பட்ட 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கென ஒதுக்கப்பட்டது. அந்நீரைப் பருகுவோரில் கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் உளர். நகரின் தமிழ்வீடுகளும் அக்கணக்கின் கருநாடகப் பக்கத்திலேயே அடங்குகின்றன. 2016இல் தமிழர் என்று அடையாளங்காணப்பட்டோர், நீர்ப்பங்கீட்டில் பெங்களூர்க்காரராகவே எண்ணப்பட்டனர்.

அதே 2018 ஆகஸ்டில் குடகில் பெருமழையும் நிலச்சரிவும் ஏற்பட்டு, மடிக்கேரி வட்டத்தில் வீடுகளும் தோட்டங்களும் மண்ணில் புதைந்தன, உயிர்கள் பலியாயின. மூலப்படம் காட்டிய அம்மலைச்சரிவு மழையை இன்று முன்போல் கவலையின்றிப் பார்க்கவியலாது. 2024 கோடையில் பெங்களூர் கடும் நீர்த்தட்டுப்பாட்டை அடைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டது. முங்காரு என்னும் ஒரு சொல், கொடையாகவும் கணக்காகவும் பேரிடராகவும் ஒரு தலைமுறைக்குள் மாறியுள்ளது. இம்மாற்றத்தின் நடுப்படியில் நிற்கும் படம் ‘முங்காரு மளெ 2’.

அப்படத்தில் நிலைத்தது ஒன்றுண்டு. ‘சரியாகி நெனபிதெ’ என்னும் பாடல், படம் மறக்கப்பட்டபின்னும் வாழ்கிறது. அர்ஜுன் ஜன்யா இசையில் அர்மான் மாலிக் பாடியது. எழுதியவர் ஜெயந்த் காய்கினி. மூலப்படத்தின் புகழ்பெற்ற பாடலை எழுதியவரும் அவரே. இரு படங்களுக்கும் இடையே உண்மையான தொடர்ச்சி அவருடைய சொற்களில் அமைந்தது. நினைவைப் பொருளாகக் கொண்ட அப்பாடல் நிலைத்தது தற்செயலன்று. தொடர்ச்சிப் படத்திற்கு வந்த பார்வையாளர் நாடியது புதுக்கதையை அன்று. பத்தாண்டுக்கு முந்தைய தம் நினைவையே. அதனைப் படம் முழுதும் தரவில்லை, பாடல் தந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இவை. பெயர்த் தொடர்ச்சி வகையைச் சார்ந்த ‘முங்காரு மளெ 2’, காலத்திற்கேற்ப உரிப்பொருளை மாற்றியது. அது நேரிய முயற்சி. முதற்பொருளைப் பெயரளவில் கடன்கொண்டது. அது அதன் குறை. அக்கடன்பொருளின் மதிப்பு, வெளியீட்டு வாரத்திலேயே காவிரிப் பூசலால் திரிந்துபோயிற்று. அது அதன் ஊழ். இம்மூன்றையும் பிரித்தறியாமல் ஏமாற்றம் என்னும் ஒற்றைச் சொல்லால் முடிப்பது, படத்தின் குறையையும் காலத்தின் குறையையும் ஒன்றாக்கிவிடும்.

அப்படத்தைச் சிறந்த படம் என்று நிறுவவேண்டிய தேவையில்லை. ஒரு சொல் பொருளிழந்த தருணத்தைப் பதிவுசெய்த சான்று என்ற வகையில் அது வரலாற்றாய்வுக்கு உரியது. வெற்றி பெற்ற படங்கள் ஒரு காலம் தன்னைப்பற்றி நம்ப விரும்பியதைக் காட்டுகின்றன. ஏமாற்றிய படங்கள் அந்நம்பிக்கை தளர்ந்த இடத்தைக் காட்டுகின்றன. பிறமொழித் திரைப்படங்களையும் திணைக்கோட்பாட்டின் துணைகொண்டு ஆராய்வதற்குப் பெங்களூர் போன்ற பன்மொழி நகரங்களில் பணியாற்றும் தமிழாய்வாளர்க்கு வாய்ப்பு மிகுதி. முன்கார் என்றாலும் முங்காரு என்றாலும் பெய்வது ஒரே மழை. அது குடகில் பெய்து, பெங்களூரின் குழாய்க்கும் தஞ்சையின் வாய்க்காலுக்கும் வருகிறது. இரு மொழியாரும் அச்சொல்லைத் தம்முடையதெனக் கொள்ளும் உரிமை எந்தப் பங்கீட்டுக் கணக்கிலும் அடங்காதது.